ஐரிஷ் சோடா பிரெட் வீட்டில் சுடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் கார்க் பகுதிக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு சமையலறைத் துணியில் சுற்றிய ரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சூடு ஆறியிருக்கவில்லை. மேலே குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல், அடியில் ஒட்டியிருந்த மாவு, லேசான புளிப்பு வாசம். அந்த வாசம் எனக்குப் பழக்கமானது. புளித்த மோரின் வாசம். செய்முறையைக் கேட்டபோது, மாவு, சோடா, உப்பு, மோர் என்று நான்கே சொற்களில் சொல்லிவிட்டார். கையில் வருவதற்குத்தான் மாதக்கணக்கானது. இப்போது வாரம் இரண்டு முறை சுடுகிறேன். நண்பர்களும் ஊரிலுள்ள உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சோடா பிரெட் சாதாரண பிரெட்டிலிருந்து எதில் வேறுபடுகிறது?

கடையில் வாங்கும் பிரெட்டை உப்பச் செய்வது ஈஸ்ட். அது உயிருள்ள நுண்ணுயிர். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று மெதுவாக வாயுவை வெளிவிடும். அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மாவையும் நன்றாகப் பிசைந்து இழுபடும்படி ஆக்க வேண்டும்.

சோடா பிரெட்டில் ஈஸ்ட் கிடையாது. மோரில் உள்ள புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்த நொடியே கரியமில வாயு கிளம்பும். அதுதான் ரொட்டியை உப்பச் செய்கிறது. மாவைக் கையில் எடுத்ததிலிருந்து ரொட்டி மேசைக்கு வரும்வரை ஒரு மணி நேரம் போதும். ஆனால் வாயு கிளம்பத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்தி வைக்க முடியாது. பிசிறிய மாவை மூடி வைத்துவிட்டுப் போன் பேசிவிட்டு வந்தால் ரொட்டி அமுங்கிப் போகும்.

அயர்லாந்தில் ஏன் இது இவ்வளவு ஆழமாக வேரூன்றியது?

முதல் காரணம் கோதுமை. அயர்லாந்தின் ஈரமான, குளிர்ந்த கோடையில் விளைவது மென்கோதுமை. அதில் புரதம் குறைவு. புரதம் குறைந்தால் குளூட்டனும் குறையும், மாவு இழுபடாது. ஈஸ்ட் பிரெட்டுக்கு அது குறை. சோடா பிரெட்டுக்கோ அந்த மென்மைதான் வேண்டும்.

இரண்டாவது காரணம் மோர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 19ஆம் நூற்றாண்டில் உலகத்தின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தை கார்க் நகரத்தில் இருந்தது. சுற்று வட்டாரப் பண்ணைகளில் கடைந்த வெண்ணெய் மிடாக்களில் அடைபட்டு அங்கே வந்து, தரம் பார்க்கப்பட்டு, கப்பலேறிக் கடல் கடந்து போனது. வெண்ணெய் விற்ற காசு பெரும்பாலும் நிலத்துக்கு வாடகை கட்டப் போய்விடும். வீட்டில் மிஞ்சுவது கடைந்த மோர். அதைக் குடித்தார்கள், உருளைக்கிழங்கோடு சாப்பிட்டார்கள். சோடா கைக்கு வந்த பிறகு ரொட்டிக்கும் ஊற்றினார்கள். விற்க முடியாமல் வீட்டில் தங்கிய பொருளிலிருந்து ஒரு நாட்டின் தினசரி ரொட்டி பிறந்திருக்கிறது.

மூன்றாவது காரணம் அடுப்பு. கிராமத்துக் குடிசைகளில் ஓவன் கிடையாது. தரையோடு எரியும் திறந்த அடுப்புதான். எரிபொருள், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி எடுத்துக் காயவைத்த டர்ஃப் கட்டிகள். அந்தக் கணப்பில் வார்ப்பிரும்புப் பானையிலோ தட்டையான கல்லிலோ சட்டென்று வேகக்கூடிய ரொட்டிதான் சரிப்பட்டது.

சமையல் சோடா அயர்லாந்தில் பரவலானது 1830களிலும் 1840களிலும். வடக்கே டவுன் என்ற பெயருள்ள கவுண்டியில் (மாவட்டத்தில்) உள்ள நியூரி நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் வந்த சோடா பிரெட் செய்முறையை 1836இல் லண்டன் வேளாண் இதழ் ஒன்று எடுத்து வெளியிட்டது. வயிற்றுக்கும் செரிமானத்துக்கும் இதைப் போல நல்ல ரொட்டி கிடையாது என்று அதில் புகழ்ந்திருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாவை ரசாயனத்தால் உப்ப வைக்கும் உத்தி ஐரிஷ்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை அமெரிக்காவில் அதற்கு முன்பே மாவில் சேர்த்தார்கள். 1796இல் அங்கே அச்சான அமீலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகத்தில் அப்படிப்பட்ட செய்முறைகள் உண்டு. அயர்லாந்து அந்த உத்தியை எடுத்துத் தன் மோரோடும் மாவோடும் சேர்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

பெரும் பஞ்சத்தில் மக்களைக் காப்பாற்றிய ரொட்டி இதுதானா?

அப்படிச் சொல்வது சரியாகாது. 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் அழிந்தது உருளைக்கிழங்கு. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பரம ஏழைகள். கோதுமை மாவு அவர்களுக்கு எட்டாத பொருள். அந்த ஆண்டுகளிலும் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரணமாக வந்தது மக்காச்சோள மாவு. அதை ‘இந்தியன் மீல்’ என்றார்கள். பெயரில் இந்தியா இருந்தாலும் நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அமெரிக்கப் பழங்குடிகளின் சோளம் என்பதால் வந்த பெயர். சோடா பிரெட் வீட்டுக்கு வீடு சுடும் ரொட்டியானது பஞ்சத்துக்குப் பிந்தைய தலைமுறைகளில்தான்.

எந்த மாவு வேண்டும்? மைதாவில் வருமா? ஆட்டாவில்?

வெள்ளை சோடா பிரெட்டுக்கு மைதா நன்றாகவே வரும். அயர்லாந்துக் கடையில் ‘கிரீம் ஃப்ளவர்’ அல்லது ‘பிளெய்ன் ஃப்ளவர்’ என்று எழுதியிருக்கும் பொட்டலத்தை எடுங்கள். ‘ஸ்ட்ராங் ஃப்ளவர்’ ஈஸ்ட் பிரெட்டுக்கானது, அதை எடுக்காதீர்கள். ‘செல்ஃப் ரெய்சிங்’ என்று இருப்பதில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

சப்பாத்திக்கு வாங்கும் ஆட்டாவை மட்டும் வைத்துச் செய்தால் ரொட்டி கனத்துப்போகும். ஐரிஷ் முழுக்கோதுமை மாவு கொரகொரப்பானது, தவிடு செதில் செதிலாகக் கண்ணுக்குத் தெரியும். ஆட்டா அப்படியல்ல. மிக நைசாக அரைத்தது, ஈரத்தையும் நிறைய இழுக்கும். பாதி மைதா, பாதி ஆட்டா எடுத்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி கோதுமைத் தவிடு சேர்த்துக்கொண்டால் ஐரிஷ் பிரவுன் பிரெட்டுக்கு ஓரளவு அருகில் வரலாம்.

வீட்டு மோரை ஊற்றலாமா?

எந்த மோர் என்பதைப் பொறுத்தது.

ஐரிஷ்காரர்களின் பழைய பட்டர்மில்க்கும் நம் வீட்டு மோரும் உறவுதான். இரண்டும் புளிக்கவைத்துக் கடைந்து, வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவது. அவர்கள் பாலாடையைப் புளிக்கவிட்டுக் கடைவார்கள், நாம் தயிரைக் கடைகிறோம். ஆனால் நம் வீட்டில் கடையும்போதும் குடிக்கும்போதும் தண்ணீரைத் தாராளமாகச் சேர்த்துவிடுகிறோம். நீர்மோரில் சோடாவைக் கிளப்புகிற அளவுக்குப் புளிப்பு இருக்காது. பாக்கெட்டில் விற்கும் மசாலா மோர் கூடவே கூடாது. அதில் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் இருக்கும்.

நான் ஊருக்கு வரும்போது செய்வது இதுதான். இரண்டு நாள் புளித்த கெட்டித் தயிர் 250 கிராம், தண்ணீரோ பாலோ 150 மி.லி., இரண்டையும் கட்டியில்லாமல் கடைந்துகொள்வேன். கரண்டியின் பின்புறத்தில் படிந்து மெதுவாக வழிய வேண்டும், அதுதான் பதம். புளிக்காத புதுத் தயிர் என்றால் அதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

தயிரும் இல்லையென்றால் 250 மி.லி. பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் பால் திரியும். ரொட்டி உப்பும். ஆனால் மோரின் ஆழமான புளிப்பு அதில் வராது. பால் பொருளே வேண்டாம் என்பவர்கள் இனிப்பில்லாத சோயாப் பாலில் இதையே செய்யலாம்.

ஆப்ப சோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா எல்லாம் ஒன்றா? பேக்கிங் பவுடர் போடலாமா?

முதல் மூன்றும் ஒன்றே, சோடியம் பைகார்பனேட். அயர்லாந்தில் இதை ‘பிரெட் சோடா’ என்றே விற்கிறார்கள்.

பேக்கிங் பவுடர் வேறு. அதில் சோடாவோடு அமிலத் தூளும் சேர்ந்தே இருக்கும். அதைப் போட்டால் மோரின் புளிப்பு முறியாமல் அப்படியே நிற்கும், ருசி மாறிவிடும். சோடா பிரெட்டுக்கு அது தேவையில்லை.

டப்பா பழையது என்று சந்தேகமாக இருந்தால் அரைத் தேக்கரண்டி சோடாவில் கொஞ்சம் வினிகரை விட்டுப் பாருங்கள். சீறிப் பொங்கினால் நல்லது. சோம்பலாகக் குமிழி வந்தால் புது டப்பா வாங்குங்கள்.

சரி, அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

மைதா 450 கிராம், சோடா தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, உப்பு தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, மோர் 350 முதல் 400 மி.லி. வரை. மாவைக் கப்பில் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கப்பில் அமுக்கி அளப்பவருக்கும் தளர அளப்பவருக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

மாவைத் தொடுவதற்கு முன்பே ஓவனை 230 டிகிரி செல்சியஸில் போட்டுவிடுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 210 போதும். ஓவன் தட்டில் மாவு தூவித் தயாராக வையுங்கள். அப்புறம்தான் மற்ற வேலை.

அகலமான பாத்திரத்தில் மாவையும் உப்பையும் போட்டு, சோடாவைச் சின்னச் சல்லடையில் சலித்துச் சேருங்கள். சோடாக் கட்டி ஒன்று தப்பிப் போனாலும் ரொட்டியில் அந்த இடம் மஞ்சளாகக் கசக்கும். கையால் எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை தூக்கிப் போட்டுக் கலந்துகொள்ளுங்கள். நடுவில் குழி பறித்து, மோரில் முக்கால்வாசியை ஒரே தடவையில் ஊற்றுங்கள்.

இப்போது ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். விரல்களை விரித்து, பருந்தின் நகம் போல விறைப்பாக வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகச் சுழற்றுங்கள். அமுக்காதீர்கள். காய்ந்த மாவு மிஞ்சியிருந்தால் மீதி மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சில நொடிகளில் மாவு சேர்ந்து வரும். சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டும்படி, மேலே முண்டும் முடிச்சுமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மாவு தூவிய பலகையில் அதைக் கவிழுங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மாவு தொட்டு, ஓரங்களை உள்ளே தள்ளி வட்டமாக்கித் திருப்பிப் போடுங்கள். சுமார் 4 செ.மீ. உயரத்துக்கு லேசாகத் தட்டுங்கள். தட்டுக்கு மாற்றி, மேலே கத்தியால் ஓரம் முதல் ஓரம் வரை ஆழமாகச் சிலுவை போலக் கீறுங்கள். உடனே ஓவனுக்குள் வையுங்கள்.

230 டிகிரியில் 15 நிமிடம். அப்புறம் 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 25 முதல் 30 நிமிடம். வெளியே எடுத்ததும் கம்பி வலை மேல் வைத்து ஆறவிடுங்கள். மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் அப்படியே விடலாம். மென்மையாக வேண்டுமென்றால் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாட்டி துணியில் சுற்றித்தான் கொடுத்தார், நானும் அப்படியே செய்கிறேன்.

அரை மணி நேரமாவது ஆறவிட்டு வெட்டுங்கள். சுடச்சுட வெட்டினால் உள்பக்கம் கத்தியோடு பிசுபிசுவென்று இழுபடும்.

ஏன் பிசையக் கூடாது என்று எல்லோரும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்?

இந்த ரொட்டியில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. நம் கை சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் பழகியது. மாவைக் கண்டால் அழுத்திப் பிசையத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான். முதலில் சுட்ட மூன்று ரொட்டிகளையும் நன்றாகச் செய்வதாக நினைத்துப் பத்து நிமிடம் பிசைந்தேன். மூன்றும் கல்லாகின. நான்காவது முறை பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

பிசையப் பிசைய இரண்டு கெடுதல் நடக்கிறது. குளூட்டன் இழை இழையாக இறுகி ரொட்டியை ரப்பராக்குகிறது. அதோடு, சோடாவும் மோரும் சேர்ந்து கிளப்பிய வாயுவெல்லாம் ஓவனுக்குப் போகும் முன்பே கையிலேயே வெளியேறிவிடுகிறது.

தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: பிசிறுவது. புட்டு மாவில் தண்ணீர் தெளித்து விரல் நுனியால் பிசிறுவோமே, அந்தக் கை வேண்டும். புட்டு நன்றாகச் செய்பவர்களுக்கு சோடா பிரெட் சீக்கிரம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிலுவைக் கீறல் எதற்கு?

வேலைக்கான காரணம் எளிது. ரொட்டி கனமான வட்டம். நடுப்பகுதி வேகத் தாமதமாகும். ஆழமாகக் கீறினால் சூடு உள்ளே இறங்கும். உப்பும்போது கீறல் வழியாக மலர்ந்து விரியும், கண்ட இடத்தில் வெடிக்காது. வெந்த பிறகு நான்காகப் பிட்டுக்கொள்ளவும் வசதி.

நம்பிக்கை சார்ந்த காரணமும் உண்டு. சிலுவை இடுவதை ரொட்டியை ஆசீர்வதிப்பது என்பார்கள். நான்கு கால்பகுதிகளின் நடுவிலும் கத்தி நுனியால் ஒரு குத்து குத்துவார்கள். உள்ளே இருக்கும் தேவதைகள் வெளியே போவதற்காக! ஐரிஷ் கதைகளில் வரும் இந்தக் குட்டித் தேவதைகள் நல்லது மட்டும் செய்பவர்களல்ல, வழி விடாவிட்டால் ரொட்டியைக் கெடுத்துவிடுவார்களாம். கார்க் பகுதியின் ஷானகாரியில் 1983 முதல் இயங்கும் பாலிமலூ சமையல் பள்ளியின் டரினா ஆலன், இன்றும் இந்தக் குத்தைச் சேர்த்தேதான் கற்றுக்கொடுக்கிறார். நானும் குத்தாமல் சுடுவதில்லை.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரல் முட்டியால் தட்டுங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதைப் போல வெற்றொலி வர வேண்டும். தொப்பென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. தட்டில்லாமல் கவிழ்த்தபடியே கம்பி மேல் இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுப்பகுதி 95 டிகிரியை நெருங்கியதும் எடுக்கலாம்.

என்னிடம் ஓவன் இல்லை. முடியுமா?

தாராளமாக. இந்த ரொட்டியே ஓவன் இல்லாத வீடுகளில் வளர்ந்ததுதான்.

தெற்கிலும் மேற்கிலும் ‘பாஸ்டிபிள்’ என்ற பானையில் சுட்டார்கள். மூன்று கால்கள், தட்டையான அடி, மூடி உள்ள வார்ப்பிரும்புப் பானை. இங்கிலாந்தின் பார்ன்ஸ்டபிள் ஊரில் வார்க்கப்பட்டதால் அந்தப் பெயர் திரிந்து வந்தது என்பார்கள். அடுப்புக்கு மேலே கொக்கியில் தொங்கவிட்டு, மாவை உள்ளே வைத்து மூடி, மூடியின் மேலும் கனன்ற டர்ஃப் தணலைப் பரப்புவார்கள். மேலும் கீழும் ஒரே சூடு. அதுதான் அவர்களின் ஓவன். அயர்லாந்தின் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டம் தொடங்கியதே 1946இல்தான். எனவே இப்படிச் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியும் அவர்களில் ஒருவர்.

வடக்கே அல்ஸ்டரில் வழி வேறு. அங்கே தட்டையான இரும்புக் கல்லில் சுடுவார்கள். வட்டமாகத் தட்டி நான்காக வெட்டிய துண்டுக்கு ‘ஃபார்ல்’ என்று பெயர், கால்பங்கு என்று பொருள்படும் பழைய ஸ்காட்ஸ் சொல்லிலிருந்து வந்தது. பெல்ஃபாஸ்டில் காலை உணவுக்கு அதைக் குறுக்கே பிளந்து, பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பில் பொன்னிறமாக்கி, முட்டையோடு வைப்பார்கள்.

இதற்கு நம் இரும்பு தோசைக்கல் அப்படியே பொருந்தும். 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, சுமார் 200 மி.லி. மோர். மேலே சொன்னபடி பிசிறி, ஒன்றரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, நான்காக வெட்டுங்கள். கல்லில் எண்ணெய் வேண்டாம். ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். மெதுவாகப் பழுப்பானால் சூடு சரி. உடனே கருகினால் தீயைக் குறைத்துக் காத்திருங்கள். ஒரு பக்கம் ஆறு முதல் எட்டு நிமிடம், திருப்பிப் போட்டு அதே அளவு. கடைசியில் ஒவ்வொரு துண்டையும் வெட்டிய ஓரம் கல்லில் படும்படி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும்.

சின்ன ஓ.டி.ஜி. (மேடை மேல் வைக்கும் மின்சார ஓவன்) வைத்திருப்பவர்கள் பாதி அளவில் செய்யுங்கள். முழு ரொட்டி உப்பும்போது மேல் கம்பியைத் தொட்டுவிடும்.

பிரவுன் சோடா பிரெட்டுக்கு என்ன மாற்றம்?

225 கிராம் மைதா, 225 கிராம் கொரகொரப்பான முழுக்கோதுமை மாவு, சோடாவும் உப்பும் அதே அளவு, மோர் மட்டும் 400 முதல் 425 மி.லி. வரை போகும். தவிடு ஈரம் குடிக்கும். எனக்கு வெள்ளையை விட இதுதான் பிடிக்கும், கொட்டை வறுத்த வாசம் வரும். அல்ஸ்டரில் இதை ‘வீட்டன்’ என்பார்கள், அங்கே வெறும் ‘சோடா’ என்று கேட்டால் கல்லில் சுட்ட வெள்ளை ஃபார்லைத்தான் கொடுப்பார்கள்.

திராட்சை, முட்டை, சர்க்கரை, ஓமம் போன்ற விதைகள் போடலாமா?

அன்றாட ரொட்டியில் இவை எதுவும் கிடையாது. விருந்தாளி வரும் நாளில் ஒரு கைப்பிடி உலர் திராட்சையும் கொஞ்சம் சர்க்கரையும், சில வீடுகளில் ஒரு முட்டையும் சேர்ப்பார்கள். அதற்கு ‘ஸ்பாட்டட் டாக்’ என்று பெயர், புள்ளி போட்ட நாய். ‘ரயில்வே கேக்’ என்றும் சொல்வதுண்டு. மார்ச் 17, புனித பாட்ரிக் நாளில் அமெரிக்காவில் சுடுவது இன்னும் இனிப்பானது: வெண்ணெய், முட்டை, சர்க்கரை, திராட்சை, அதோடு ஓமம் போலத் தோன்றும் கேரவே விதை. புலம்பெயர்ந்தவர்களின் கையில் ரொட்டி கேக்காக மாறியது. அது நன்றாகவே இருக்கும். ஆனால் முதன்முதலாகச் சுடுபவர்கள் நான்கு பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோரும் மாவும் என்ன ருசி தருகின்றன என்பது அப்போதுதான் நாக்குக்குப் புரியும்.

என் ரொட்டி மஞ்சளாகி சோப்பு போலக் கசக்கிறது.

சோடா அதிகம், அல்லது மோரில் புளிப்பு போதவில்லை. கரண்டியைக் குவித்து அளக்காதீர்கள். நன்றாக உப்பட்டும் என்று கூடுதலாகப் போடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. சோடாவைக் கூட்டினால் உயரம் கூடாது, கசப்புதான் கூடும்.

சூரியகாந்தி விதை போட்டேன், உள்ளே பச்சையாகிவிட்டது. பூசணமா?

இல்லை. அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேரும்போது பச்சை நிறம் வரும். சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது. கண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால் விதைகளை மேலே மட்டும் தூவுங்கள்.

கனமாக, உப்பாமல் வந்தது.

பிசைந்திருப்பீர்கள், அல்லது கலந்த மாவை வெளியே வைத்திருந்திருப்பீர்கள், அல்லது ஓவன் சூடாவதற்கு முன் உள்ளே வைத்திருப்பீர்கள். மூன்றும் இல்லையென்றால் மாவு மிகக் கெட்டியாக இருந்திருக்கும், அடுத்த முறை இரண்டு மேசைக்கரண்டி மோர் கூட்டுங்கள். சோடாவையும் சோதித்துவிடுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

சுட்ட அன்றுதான் இது அருமை. மறுநாள் துண்டு போட்டு வாட்டிச் சாப்பிடலாம், பிரவுன் ரொட்டி வாட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் உதிரும். கொழுப்பு சேராத ரொட்டி என்பதால் சீக்கிரம் காய்கிறது. மிஞ்சும் என்று தோன்றினால் ஆறியதும் துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள், வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடலாம். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இன்னும் வேகமாகக் காய்ந்துபோகும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சாப்பிடலாமா?

அளவைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறக்குறைய 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ஒரு தேக்கரண்டி உப்பில் சுமார் 2,300. முழு ரொட்டியைப் பன்னிரண்டு துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு 300 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வரும். ஒரு நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பைப் பாதியாகக் குறைத்துச் சுடலாம், ரொட்டி உப்புவதில் குறை வராது. சோடாவைக் குறைக்க முடியாது. மருத்துவர் கண்டிப்பாக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதோடு சாப்பிடுவது?

முதலில் வெண்ணெய். உப்பு போட்ட வெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் தடவ வேண்டும். பல் பதிந்த தடம் வெண்ணெயில் தெரிய வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. அப்புறம் பால் ஊற்றிய கடுந்தேநீர். பிரவுன் ரொட்டிக்குப் புகையூட்டிய சால்மன் மீனும் எலுமிச்சைத் துளியும் நல்ல ஜோடி. மழை நாளில் உருளைக்கிழங்கும் லீக்கும் போட்ட சூப்பில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். வெள்ளை ரொட்டிக்கு ஆரஞ்சு மார்மலேடு.

மிஞ்சிய ஓரத் துண்டை நான் அன்றைக்கு ராத்திரியே அடுப்பில் வாட்டி, இன்னொரு தடவை வெண்ணெய் தடவித் தின்றுவிடுவேன். விடிந்தால் அந்த மொறுமொறுப்பு இருக்காது.